மரத்துக்கு மட்டும் ஓய்வு

மலேசியாவின் சிரம்பானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். நாள் தவறாமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும் என்று துரைக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும். வெட்டுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவருக்கு இரண்டு வெட்டுப் பகுதி ஒதுக்கி, இன்று இது நாளை அது என்று மாற்றிவிடுவார்கள்.

ஆனாலும் அன்றைய வேலைக்கு ஒரு முடிவு இருந்தது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியுமுன் பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. மதியவாக்கில் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலிருந்து பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்தால் தீர்ந்தது. மழை பிடித்துக்கொண்டால் வெட்டே கிடையாது. அன்றைய கூலியும் பல காலம் கிடையாது. ஆகவே ‘அந்தக் காலத்தில் நிம்மதியாக இருந்தார்கள்’ என்று யாராவது பெருமூச்சு விட்டால் நான் ஒப்புக்கொள்வதில்லை. பிற்பகலில் மாட்டுக்குப் புல் அறுத்தார்கள், லயத்துக்குப் பின்னால் மரவள்ளி போட்டார்கள். பெண்களுக்கு வெட்டுக்கு முன்னும் அடுப்பு, பின்னும் அடுப்பு. ஒன்றை மட்டும் மறுக்க முடியாது: இருட்டிய பிறகு மேலும் பத்து மரம் வெட்டிக் கூடுதலாகச் சம்பாதிக்க எவருக்கும் வழி இருக்கவில்லை.

சேமிப்பும் அந்த நிதானத்தில்தான் நடந்தது. பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர் தெருவுக்கு வரும் நிலை. அப்போது அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தார். 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். கூலிப் பேச்சுவார்த்தையும் தனியாள் வேலையாக இருக்கவில்லை. நெகிரி செம்பிலான் தொழிலாளர்களைத் திரட்டிய பி.பி. நாராயணன், 1954ல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமானபோது அதன் பொதுச் செயலாளரானார். குறி பெரியதுதான். ஆனால் அதை ஒருவரே சுமக்கவில்லை.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. செனவாங்கில் தொழிற்பேட்டை, நீலாயில் பல்கலைக்கழகங்கள். தோட்டப் பெயர் பல இடங்களில் தமிழ்ப்பள்ளியின் பலகையில்தான் மிஞ்சியிருக்கிறது. பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கிறார்கள். அல்லது விடியலில் கொமுட்டர் பிடித்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் கோலாலம்பூர் போகிறார்கள். வீடு திரும்பியதும் சிலர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உணவு கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்புகிறார்கள். வீட்டு முன்பணம், கார் தவணை, பிள்ளை படிப்பு.

2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை என்கிறது சட்டம். அதற்கு முன் 48. வாரத்தில் ஒருநாள் ஓய்வும் உண்டு. ஆனால் அந்த 45 ஒரு முதலாளியின் கணக்கு. தொழிற்சாலை வாசலைத் தாண்டி உணவு விநியோகச் செயலியைத் திறந்த பிறகு ஓடுகிற மணியை அதில் யாரும் சேர்ப்பதில்லை. மழை பெய்தால் ஆர்டர் கூடுகிறது! தாத்தாவை வீட்டில் உட்காரவைத்த அதே மழை, பேரனை ஈரச் சாலைக்கு அனுப்புகிறது.

கோவிட் காலத்தில் ஊழியர் சேமநிதியிலிருந்து பலமுறை பணம் எடுக்க விட்டார்கள். பலர் வேறு வழியில்லாமல்தான் எடுத்தார்கள். விட்டதை இரண்டே ஆண்டில் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அதற்குப் பிறகு பலரிடம் தெரிகிறது. என் பார்வையில் உடம்பைக் கெடுப்பது உழைப்பைவிட இந்த அவசரம்தான். முதுகு வலித்து ஒரு மாதம் படுத்தால், ஆறு மாத ஓவர்டைம் காசு மருந்துக்கும் தவணைக்கும் போய்விடும்.

2024 மே 11 முதல் சேமநிதிக்கு வரும் சந்தா மூன்று கணக்காகப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுக்காலத்துக்கு, 15 நடுத்தரத் தேவைக்கு, 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்க. அந்தப் பத்தைப் புதுக் கைப்பேசிக்கு எடுக்காதீர்கள். காய்ச்சல் வந்த வாரம் வண்டி எடுக்காமல் இருக்க அது உதவட்டும். அடுத்த மாதக் கணக்கை எழுத உட்காரும்போது, தவணையை எழுதுமுன் செயலியைத் திறக்காத நாள்களை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். மீதி நாள்களின் வருமானத்துக்கு எந்த வீடு கட்டுப்படியாகுமோ, அதைத் தேடுங்கள். மூன்று ஆண்டில் முன்பணம் சேராவிட்டால் ஐந்து ஆண்டு ஆகட்டும்.