டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சிறுமந்திர வடிவமைப்பு

சிறுமந்திரம் என்பது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசைமேல் ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டில், மந்திரம் அறிந்த பாத்திரம் எவ்விதச் செலவும் இன்றி எத்தனை முறை வேண்டுமானாலும் ஏவக்கூடிய எளிய மந்திரம் ஆகும். விளையாட்டு நூல்களில் இது கான்ட்ரிப் என்று அழைக்கப்படுகின்றது. இது மாயவித்தை என்னும் பொருளுடைய ஒரு ஸ்காட்லாந்துச் சொல். அச்சு நூல்களில் இல்லாத மந்திரங்களை ஆட்டக்காரர்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இவ்விளையாட்டில் பரவலாக உண்டு. அவ்வாறான சொந்த ஆக்கங்கள் ஹோம்புரூ எனப்படும்.

பெரிய மந்திரங்களைவிடச் சிறுமந்திரங்களைச் சமநிலை குலையாமல் எழுதுவது கடினம். பெரிய மந்திரம் ஒவ்வொன்றும் அன்றைய ஒதுக்கீட்டில் ஒன்றைச் செலவழிக்கின்றது. ஆகவே அதில் உள்ள பிழை ஒரு நாளில் ஓரிரு முறையே வெளிப்படும். சிறுமந்திரத்தில் உள்ள பிழையோ ஒவ்வொரு சுற்றிலும் வெளிப்படும். இக்கட்டுரை 2014 ஆம் ஆண்டில் வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிகளை அடிப்படையாகக் கொண்டது. 2024 ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பின் மாற்றங்கள் தேவையான இடங்களில் சுட்டப்படுகின்றன.

வரலாறு

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கி 1974 இல் வெளியான முதல் பதிப்பில் சிறுமந்திரங்கள் இல்லை. கைகாக்ஸ் 1982 இல் டிராகன் இதழில் இவற்றை அறிமுகப்படுத்தினார். பின்னர் 1985 இல் வெளியான அன்எர்த்ட் ஆர்கானா நூலில் இவை சேர்க்கப்பட்டன. தூசு துடைத்தல், உலர்த்துதல், உணவுக்குச் சுவையூட்டுதல் போன்ற வீட்டு வேலைகளே அவற்றுள் பல. மந்திரவாதியின் சீடன் பயிற்சிக்காகச் செய்யும் வேலைகள் என்று கொள்ளலாம். 2000 இல் வந்த மூன்றாம் பதிப்பு இவற்றைச் சுழியம் நிலை மந்திரங்களாக வகுத்தது; ஆயினும் ஒரு நாளில் சில முறை மட்டுமே ஏவலாம் என்னும் வரம்பு இருந்தது. 2008 இல் நான்காம் பதிப்பு அவ்வரம்பை நீக்கியது. ஐந்தாம் பதிப்பில் சிறுமந்திரமே மந்திரவாதியின் அன்றாட ஆயுதம் ஆகிவிட்டது.

எண்ணிக்கைச் சோதனை

புதிய சிறுமந்திரம் ஒன்றை எழுதுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதை ஒரு மணி நேரம் இடைவிடாது ஏவினால் என்ன நிகழும்?" என்பதாகும். விளையாட்டில் ஒரு சுற்று 6 நொடி. நிமிடத்துக்கு 10 முறை, மணிக்கு 600 முறை ஏவலாம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நோய் தீர்க்கும் மந்திரம். தொட்டவருக்கு ஒரே ஒரு உயிர்ப்புள்ளியை மீட்டுத்தரும் மந்திரம் மிக அற்பமானதாகவே தோன்றும். மூன்றாம் பதிப்பில் அத்தகைய சுழியம் நிலை மந்திரம் இருந்தது. நாள் வரம்பு இருந்ததால் தீங்கு நேரவில்லை. அதே மந்திரத்தை வரம்பின்றித் தந்தால், ஆளுக்கு 40 புள்ளி இழந்த நால்வர் குழு 160 சுற்றுகளில், அதாவது 16 நிமிடங்களில் முழுமையாகத் தேறிவிடும். ஒரு மணி நேரச் சிற்றோய்வு, மருந்துக் குப்பிகள், காயத்துடன் முன்னேறுவதா திரும்புவதா என்னும் தயக்கம் ஆகிய அனைத்தும் பொருளிழக்கும். சிறுமந்திரம் உயிர்ப்புள்ளியை மீட்டுத்தரக் கூடாது என்று 2014 ஆம் ஆண்டின் நடுவர் கையேடு வெளிப்படையாகவே கூறுவதன் காரணம் இதுவே. நீர் உண்டாக்கும் மந்திரமும் மூன்றாம் பதிப்பில் சுழியம் நிலையில் இருந்து ஐந்தாம் பதிப்பில் முதல் நிலைக்கு உயர்த்தப்பட்டது. பாலைவனப் பயணத்தில் தாகம் ஓர் இடராக இருக்க வேண்டுமானால் நீருக்கு ஏதேனும் விலை இருந்தாக வேண்டும்.

சேதக் கணக்கு

தாக்கும் மந்திரங்களுக்கு அளவுகோல் எளிது. மேற்படி கையேட்டின் அட்டவணைப்படி, ஒருவரை மட்டும் தாக்கும் சிறுமந்திரத்துக்கு ஒரு பத்துமுகப் பகடையும், பலரைத் தாக்குவதற்கு ஒரு ஆறுமுகப் பகடையும் அளவாகும். பாத்திரம் 5, 11, 17 ஆம் நிலைகளை அடையும்போது பகடைகள் முறையே இரண்டு, மூன்று, நான்கு ஆகும்.

ஃபயர் போல்ட் 120 அடி தொலைவுக்குப் பத்துமுகப் பகடையளவு சேதம் செய்யும். எதிரியின்மீது வேறு விளைவு எதுவும் இல்லை. அதன் சராசரி 5.5. ரே ஆஃப் ஃப்ராஸ்ட் எண்முகப் பகடையையே உருட்டும். தொலைவும் 60 அடியே. ஆனால் எதிரியின் வேகத்தை 10 அடி குறைக்கும். நூறில் 65 முறை இலக்கைத் தாக்கும் என்று கொண்டால், முன்னதன் எதிர்பார்ப்பு மதிப்பு ஏறத்தாழ 3.6, பின்னதன் மதிப்பு 2.9. ஒரு சிறு இடையூறின் விலை, பகடையில் ஒரு படியும் தொலைவில் பாதியும் என்று இதிலிருந்து அறியலாம்.

இந்த விலைப்பட்டியலைக் கொண்டு ஒரு சொந்த ஆக்கத்தைச் சோதிப்போம். "மணல்வீச்சு" என்று ஒரு மந்திரம்: தொலைவு 60 அடி, எதிரி உடலுறுதித் தற்காப்பு வீச்சில் தோற்றால் எண்முகப் பகடையளவு சேதம் பெறுவதுடன் அடுத்த சுற்று வரை கண்பார்வையும் இழப்பான். எழுதும்போது இது நியாயமாகவே தோன்றும். ஆனால் பார்வை இழந்தவனைத் தாக்குவோர் அனைவரும் இரண்டு பகடை உருட்டி உயர்ந்த எண்ணைக் கொள்வர். அவனோ தாழ்ந்த எண்ணைக் கொள்ள வேண்டும். குருடாக்கும் மந்திரம் நூலில் இரண்டாம் நிலையில் உள்ளது. அதைச் சேதத்துடன் சேர்த்து இலவசமாகத் தர இயலாது. திருத்துவதாயின் சேதத்தை ஆறுமுகப் பகடைக்கு இறக்கி, விளைவை எதிரியின் அடுத்த ஓர் ஆயுதத் தாக்குதலுக்கு மட்டும் சுருக்கலாம். இவ்வாறு திருத்தியபின் பார்த்தால், 2017 இல் வெளியான சானத்தார்ஸ் கைடு டு எவ்ரிதிங் நூலில் உள்ள ஃப்ராஸ்ட்பைட் மந்திரமே பனிக்குப் பதில் மணலுடன் நிற்பதைக் காணலாம். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. சரியான கணக்கு பலமுறை ஏற்கெனவே உள்ள விடைக்கே இட்டுச்செல்லும்.

நிலை உயரும்போது சேதம் மட்டுமே பெருக வேண்டும், இடையூறு பெருகக் கூடாது. பகடைகளைக் கூட்டுவதற்கும் தாக்குதல்களைக் கூட்டுவதற்கும் உள்ள வேறுபாடும் கவனத்துக்குரியது. எல்ட்ரிச் பிளாஸ்ட் 17 ஆம் நிலையில் நான்கு தனிக் கதிர்களாகப் பிரிகின்றது. அகனைசிங் பிளாஸ்ட் என்னும் சிறப்புத் திறன் கதிர் ஒவ்வொன்றுக்கும் 5 வரை கூட்டுவதால், அனைத்தும் பட்டால் சராசரிச் சேதம் 22 அன்று, 42 ஆகும். வார்லாக் வகுப்பின் வலிமை இதைச் சார்ந்தே வகுக்கப்பட்டது. இவ்வடிவத்தைப் படியெடுத்து எல்லா வகுப்பினருக்கும் வழங்குவது தொடக்கநிலையினர் அடிக்கடி செய்யும் பிழை.

வலுக்குன்றிய மந்திரங்கள்

அஞ்சி அஞ்சி எழுதினால் எவரும் தேர்ந்தெடுக்காத மந்திரம் உருவாகும். முதல் நிலை மந்திரவாதிக்கு மூன்றே சிறுமந்திரங்கள் கிடைக்கும் என்பதால் பயனற்ற ஒன்றும் இழப்பே. 2014 இன் ட்ரூ ஸ்ட்ரைக் இதற்குப் பெயர்பெற்றது. ஒரு சுற்றை அதற்குச் செலவிட்டால் அடுத்த சுற்றின் முதல் தாக்குதலில் இரு பகடை உருட்டலாம். தாக்கும் வாய்ப்பு 0.6 எனில், அவ்வாறு ஒருமுறை தாக்குவதன் வெற்றி வாய்ப்பு 0.84. மந்திரத்தை விடுத்து இரு சுற்றிலும் தாக்கியிருந்தால் சராசரியாக 1.2 முறை வெற்றி கிட்டும். வாய்ப்பு எதுவாயினும் இவ்வொப்பீடு மாறாது. 2024 பதிப்பில் இம்மந்திரம் முற்றிலும் மாற்றி எழுதப்பட்டு, ஏவும் சுற்றிலேயே ஆயுதத்தால் தாக்கும் மந்திரமாயிற்று.

சண்டைக்கு வெளியே

சேதமற்ற மந்திரங்களைக் கணக்கால் அளக்க முடியாது. இங்குப் பார்க்க வேண்டியது, மந்திரம் யாருடைய வேலையைப் பறிக்கின்றது என்பதே. பூட்டுத் திறக்கும் சிறுமந்திரம் ஒன்று போதும், குழுவில் திருடன் வேடம் ஏற்றவர் மாலை முழுதும் வெறுமனே அமர்ந்திருப்பார். நாக் மந்திரம் இரண்டாம் நிலையில் இருப்பதோடு, 300 அடி வரை கேட்கும் ஓசையையும் எழுப்புகின்றது. மேஜ் ஹேண்ட் உண்டாக்கும் மாயக் கை 10 பவுண்டுக்கு மேல் தூக்காது, தாக்காது. இவ்வரம்புகள் அனைத்தும் பிறருக்கு வேலை மிச்சம் வைப்பவை.

கைடன்ஸ் மந்திரம் வேறுவகைத் தொல்லை தந்தது. ஒரு திறன் சோதனையில் நான்முகப் பகடை ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதே அதன் பயன், சராசரி 2.5, பெரிதன்று. ஆனால் செலவில்லை என்பதால் ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் ஒருவர் அதன் பெயரைச் சொல்ல, கதை தடைபட்டு நிற்கும். 2024 பதிப்பில், ஏவும்போதே ஒரு திறனைக் குறிப்பிட வேண்டும் என்று விதி இறுக்கப்பட்டது. எனவே புதிய சிறுமந்திரத்தை இரண்டு மூன்று அமர்வுகளுக்குத் தற்காலிகமாக அனுமதித்து, ஓர் அமர்வில் அது எத்தனை முறை ஏவப்படுகின்றது என்று நடுவர் குறித்துவைப்பது நல்லது. மாற்றம் நேரலாம் என்பதை ஆட்டக்காரரிடம் முன்னதாகவே தெரிவித்துவிட வேண்டும். கொடுத்ததைப் பின்னர் பறிப்பது பெரும்பாலும் மனத்தாங்கலில் முடியும்.