மாப்பிள்ளைத் தோழர்களுக்கு என்ன கொடுக்கலாம்?

கல்யாணப் பட்டியல் எழுத உட்காரும்போது யாரும் விட்டுப்போகக் கூடாதே என்று எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! சம்பந்தியம்மாவுக்குப் பட்டு, நாத்தனாருக்குப் புடவை, தாய்மாமனுக்கு வேட்டி, நாதஸ்வரக்காரருக்கும் சமையல்காரருக்கும் வெற்றிலை பாக்கில் வைத்துப் பணம். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் மட்டும் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. முதல் நாளே வந்து, வெளியூர்க்காரர்களைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்து, காருக்குப் பூ ஜோடித்து, பந்தியில் தண்ணீர் வைத்து, மாப்பிள்ளையின் பர்ஸையும் செல்போனையும் பத்திரமாகக் காப்பவர்கள் அவர்கள்தான். கேட்டால், "அவங்க நம்ம பசங்கதானே!" என்று சொல்லிவிடுகிறோம்.

தோழனுக்குக் கொடுப்பது நமக்குப் புதிய வழக்கம் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத் தமிழர் கல்யாணங்களில் பெண்ணின் சகோதரன்தான் தோழன். காலைக் கழுவி வரவேற்கும் அவனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவார். வெள்ளைக்காரர்கள் கல்யாணத்தில் மணமகன் பக்கத்தில் நிற்கும் தோழர்களுக்கு அவரே பரிசு கொடுப்பது வழக்கம். நம் வீடுகளிலும் இப்போது பிள்ளைகள் அப்படிக் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் தேர்ந்தெடுக்கிற வேலை எப்படியும் அம்மா அல்லது அக்கா தலையில்தான் விழும். (ஆண்களிடம் விட்டால் கடைசி நாள் ஆறு பர்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள்!)

முதலில் எவ்வளவு செலவு செய்வது என்று பார்ப்போம். மொய் நோட்டு எழுதுகிற ஊர் நம்முடையது. கை நீட்டி வாங்கியதை ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் மனசில் ஊறிப் போயிருக்கிறது. அதனால் விலை உயர்ந்த பரிசு சிலருக்குச் சந்தோஷத்தைவிடப் பாரமாகிவிடும்.

2009-ல் மதுரையில் என் தம்பி கல்யாணம். அவனுடைய சிநேகிதர்கள் ஐந்து பேருக்கும் வெள்ளி டம்ளர் கொடுக்கலாம் என்று தம்பி சொன்னான். அந்த ஐந்து பேரில் ஒருவருக்கு அப்போது வேலை போய் நாலு மாசம். மொய் எழுதக்கூட முடியாமல் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளை. "அதைக் கையில வாங்கிட்டுப் போய் அது ராத்திரி தூங்குமா?" என்று கேட்டார் அம்மா. அவ்வளவுதான், வெள்ளிப் பேச்சு நின்றது.

ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையை வைத்துக்கொண்டு, அவரவருக்கு எது உதவும் என்று யோசித்தோம். சென்னைத் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் ரூமில் இருந்தவருக்கு நல்ல திண்டுக்கல் பூட்டு (2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே பூட்டுதான்). மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றுபவருக்கு ஃபிளாஸ்க். ஷிப்ட் வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு அடுக்கு டிபன் காரியர். கைக்குழந்தைக்காரருக்குப் பவானி ஜமுக்காளம். வேலை தேடிக்கொண்டிருந்தவருக்கு ஜிப் வைத்த தோல் ஃபைல், முன்பக்கம் அவர் பெயரோடு. மறு மாசமே இன்டர்வியூவுக்கு அதைத்தான் எடுத்துப் போனாராம். இப்போது வீட்டுப் பத்திரம் அதில் இருக்கிறது என்று அவர் மனைவி சொன்னாள். வெள்ளி டம்ளராக இருந்திருந்தால் அந்தக் கஷ்ட காலத்தில் அடகுக் கடைக்குத்தான் போயிருக்கும்!

பெயர் போடுகிற விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். யார் பெயரைப் போடுவது? மணமக்கள் படமும் பெயரும் பெரிதாகப் போட்ட சுவர்க் கடிகாரத்தை எந்த வீட்டில் மாட்டுவார்கள்? வாங்குகிறவரின் மனைவி மாட்டத்தான் விடுவாளா? வாங்குகிறவர் பெயரையே போடுங்கள். கல்யாணத் தேதி வேண்டுமானால் அடியில் சின்னதாக இருக்கட்டும். பத்தமடைக் கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்கிறார்களே என்றால், அது அவர்களே விரித்து உட்காருகிற பாய்!

எவர்சில்வர் சாமானுக்குப் பாத்திரக் கடையிலேயே பேர் வெட்டித் தருவார்கள். வெட்டுகிறவரிடம் வாயால் சொல்லாமல், தாளில் எழுதிக் கொடுங்கள். இனிஷியல் தமிழிலா இங்கிலீஷிலா, 'எஸ்'ஸா 'சு'வா என்பதை அவருடைய கல்யாணப் பத்திரிகையையோ விசிட்டிங் கார்டையோ பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. ஒருமுறை வெட்டினால் அழிக்க முடியாதே. ஃபிளாஸ்குக்கு மட்டும் ஊசி மெஷின் வேண்டாம். அதன் இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்று இல்லாத இடம்தான் சூட்டைக் காக்கிறது. வெளிச்சுவரில் துளி ஓட்டை விழுந்தாலும் காப்பி ஆறிப்போகும். மேலாகப் பொறிக்கிற லேசர் கடையில் கொடுங்கள்.

துணி கொடுப்பதானால் செலவு குறைவு, கைவேலைக்கும் இடம் உண்டு. நல்ல தேங்காய்ப்பூ துண்டின் மூலையில் பெயரின் முதல் எழுத்தைச் சங்கிலித் தையலில் போட ஒரு மத்தியானம் போதும். கலர் நூலானால் நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். வேட்டி என்றால், இந்தக் காலத்துப் பையன்களுக்கு எட்டு முழத்தைவிட ஒட்டிக்கொள்கிற நாலு முழம்தான் தைரியம். எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தி மேடையில் நிற்க வேண்டுமென்றால் சட்டை அளவை அவரவர் அம்மாவிடமோ மனைவியிடமோ கேட்டு, ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

கைக்குட்டை, கத்தி இரண்டும் கொடுத்தால் பிரிவு வரும் என்பார்கள் பெரியவர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வாங்குகிறவரின் அம்மாவுக்கு இருக்கலாமே!

கொடுப்பதை மேடையில் வரிசையாக நிற்க வைத்து, வீடியோ வெளிச்சத்தில் கொடுக்காதீர்கள். உறவுக்காரர்கள் பெட்டியின் அளவைப் பார்த்து விலை போடுவார்கள். புறப்படும்போது தாம்பூலப் பையோடு மாப்பிள்ளையே கையில் கொடுக்கட்டும். மண்டபம் காலி செய்கிற அவசரத்தில் பெட்டிகள் அட்சதைத் தட்டுகளோடு வேனில் ஏறிப் போய்விடும். ஆகவே அவற்றைக் கவனிக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள ஒருவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பேர் வெட்டாத பொருள் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். எந்தக் கணக்கிலும் இல்லாமல் வந்து, பந்தி முழுக்கச் சாம்பார் வாளி தூக்கிய பையன் ஒருவன் கட்டாயம் இருப்பான்.