நோயின் வரையறையும் சமூக உறவுகளும்: எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரிடத்துப் புற்றுநோய்

நோய் உடலிலே தோன்றுகின்றது. ஆயின், அதற்குப் பெயரிடுவதும் அதற்கான பரிகாரத்தைப் பெறத்தக்கார் யாவரெனத் தீர்மானிப்பதும் சமூகத்திலேயே நிகழ்கின்றன. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரைப் பீடிக்கும் புற்றுநோய்களின் வரலாறு இவ்வுண்மையைத் துலக்கமாகக் காட்டுகின்றது.

1981 ஜூலை 3ஆம் நாள், நியூயோர்க்கிலும் கலிபோர்ணியாவிலும் ஓரினச் சேர்க்கையாளரான 26 ஆடவரிடத்துக் கப்போசி சார்க்கோமா என்னும் அரிய புற்றுநோய் காணப்பட்டதாக ஐக்கிய அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் அறிவித்தது. 1872இல் வியன்னாவில் மோரிட்ஸ் கப்போசி விவரித்த இந்நோய், அந்நாட்டில் அதுவரை பெரும்பாலும் முதியோரிடத்தே காணப்பட்டது. இளைஞரிடத்து அது தோன்றியமையே எயிட்ஸ் என்னும் புதிய நோயின் முன்னறிகுறிகளுள் ஒன்றாயிற்று.

எச்.ஐ.வி. பெரும்பாலும் தானே கலங்களைப் புற்றாக மாற்றுவதில்லை. நிர்ப்பீடனத்தை நெறிப்படுத்தும் ரி-கலங்களை அது அழிக்கின்றது. அதனால் உடலில் அடங்கிக்கிடந்த வேறு வைரசுகள் தலையெடுக்கின்றன. கப்போசி சார்க்கோமாவுக்குக் காரணமான ஹேர்ப்பிஸ் வகை வைரசை 1994இல் யுவான் சாங், பற்றிக் மூர் ஆகியோர் கண்டறிந்தனர். நிணநீர்ப் புற்றுநோய்கள் பலவற்றுடன் எப்ஸ்டீன்-பார் வைரசும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயுடன் மனித பப்பிலோமா வைரசும் தொடர்புடையன.

இம்மூன்றனுள் முதலிரண்டும் 1980களிலேயே எயிட்சின் அமெரிக்க வரையறையுள் இடம்பெற்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோ 1993 ஜனவரியிலேதான் சேர்க்கப்பட்டது. ஆடவரின் உடலை ஆதாரமாகக் கொண்டே வரையறை முதலில் வகுக்கப்பட்டமை இதற்குக் காரணமாகும். இதனை வெறுஞ் சொற்பூசலெனக் கொள்ளலாகாது. இயலாமைக்கான அரச உதவி அவ்வரையறையுடன் பிணைக்கப்பட்டிருந்தமையால், வறிய பெண்கள் பலர் நோயால் நலிந்தும் உதவி பெறாதிருந்தனர். 1990இல் அவர்கள் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. வீதிப் போராட்டங்களும் நிகழ்ந்தன. வரையறையின் மாற்றம் ஆய்வுகூடத்தின் விளைவு மட்டுமன்று, போராட்டத்தின் விளைவுமாகும்.

மருந்தின் வரலாறும் இத்தகையதே. 1996 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை செல்வந்த நாடுகளிற் பரவியதும் அங்கே கப்போசி சார்க்கோமா பெரிதும் குறைந்தது. ஒருவருக்கு ஆண்டுதோறும் 10,000 டொலருக்கு மேற் செலவான அம்மருந்து, நோய் மிகுந்திருந்த ஆபிரிக்காவுக்கு எட்டாதிருந்தது. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதனை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தர முன்வந்தபோது, விலை உற்பத்திச் செலவால் மட்டும் நிர்ணயிக்கப்பட்டதன்று என்பது வெளிப்பட்டது. தென்னாபிரிக்க அரசு அச்சிகிச்சையைப் பொது மருத்துவமனைகளில் வழங்கத் தொடங்கியது 2004இலேதான்.

எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு ஏனைய பெண்களிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகம். ஆபிரிக்காவின் தென்பகுதியில் இப்புற்றுநோய்க்கு ஆளாகும் பெண்களுள் பத்தில் ஆறு பேருக்கு மேற்பட்டோர் எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இதற்கு அறிவின் போதாமை காரணமன்று. பப்பிலோமா வைரசுக்கான தடுப்பூசி 2006 முதல் உண்டு. எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்கள் 25 வயதிலிருந்தே பரிசோதிக்கப்பட வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதந்துரைத்தது. புற்றாக மாறுமுன்னரே கண்டு நீக்கத்தக்க நோய் இது. பரிசோதனை நிலையம் எட்டாத் தொலைவிலிருப்பதும், ஒரு நாட் கூலியை இழக்கவியலாமையும், பழிச்சொல்லுக்கு அஞ்சுவதுமே உயிர்களைக் கவர்கின்றன.

உயிரியற் காரணிகளை நாம் மறுக்கின்றோமல்லோம். அவை எச்சூழலில், யாரிடத்து மரணமாக முடிகின்றன என்பதே நமது வினா. மொழியையும் இலக்கியத்தையும் பயில்வோருக்கு இதிற் பங்குண்டு. புற்றுநோயின் மீது ஏற்றப்பட்ட உருவகங்களை 1978இல் ஆராய்ந்த சூசன் சொன்ராக், பின்னர் 1989இல் எயிட்சின் உருவகங்களையும் ஆராய்ந்தார். இரு நோய்களும் ஒருடலிற் சேருமிடத்துப் பழியும் இரட்டிக்கின்றது. நோயைத் தண்டனையெனப் பேசும் வழக்கு நோயாளியை மருத்துவமனையினின்றும் விலக்கி வைக்கின்றது. பரிகாரத்தைப் பங்கிட மறுக்கும் அமைப்பையும் கண்ணுக்குப் புலப்படாது மறைத்துவிடுகின்றது. அவ்வழக்கைக் களைவது உயிர் காக்கும் பணியின் ஒரு கூறேயாகும்.