உங்களுக்குத் தெரியுமா? திரையில் படிப்பதும் தன்மேல் உள்ள நம்பிக்கையும்

தேர்வு முடிவுக்குத் தன் உழைப்பே காரணம் என்று நம்பும் மாணவரும், விதியோ வினாத்தாளோ காரணம் என்று நினைக்கும் மாணவரும் இணையத்தில் ஒரே விதமாகப் படிப்பதில்லை. முடிவுக்கு எது காரணம் என்ற இந்த நம்பிக்கைக்கு உளவியலில் 'கட்டுப்பாட்டு மையம்' என்று பெயர். இதை அளக்க 29 இணைக் கூற்றுகள் கொண்ட அளவுகோலை அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-இல் வெளியிட்டார். இணையத்தில் படிப்பவர் கையாளும் வாசிப்பு உத்திகளை அளக்க நீல் ஆண்டர்சன் 2003-இல் தந்த வினாநிரலில் 38 கூற்றுகள் உண்டு.

தன் உழைப்பை நம்பும் முதல் வகையினர் பொதுவாக நோக்கத்தோடு பக்கத்தைத் திறக்கிறார்கள். புரியாத இடத்தில் வேகத்தைக் குறைத்து மறுபடி படிக்கிறார்கள். தகவல் சரியா என்று வேறு தளத்திலும் பார்க்கிறார்கள். மற்றவர்கள் கடினமான பத்தியைக் கண்டதும் பக்கத்தை மூடிவிடக்கூடும்.

ராசிபுரம் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரி போன்ற, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் இது முக்கியமான செய்தி. தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்கள் இங்கே ஆங்கிலப் பாடங்களைப் பெரும்பாலும் கைப்பேசியில்தான் எதிர்கொள்கிறார்கள். 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்ற எண்ணம், சொல்லின் பொருளைத் தேடும் முயற்சியையே தடுத்துவிடுகிறது. மறுபடி படிப்பது, வேறு தளத்தில் சரிபார்ப்பது போன்ற வாசிப்பு உத்திகள் பிறவித் திறமை அல்ல, பயிற்சியால் வருபவை. முதலாண்டு வகுப்பிலேயே இவற்றைக் கற்பிக்க வேண்டும்.