வாங்கும் முன் மலையின் பெயரைச் சொல்லுங்கள்

ஜொகூரின் தம்போயிலிருந்து வார இறுதியில் மலையேறக் கிளம்புகிறவர்களுக்குப் போக இடம் நிறைய உண்டு. பக்கத்திலேயே 654 மீட்டர் உயரமுள்ள பூலாய் மலை. குளுவாங் பக்கம் போனால் லம்பாக்கும் 1,010 மீட்டர் பெலுமுட்டும். வடக்கே தங்காக் வரை வண்டியை விட்டால் ஜொகூரிலேயே உயரமான லேடாங், 1,276 மீட்டர். நாலைந்து முறை ஏறி இறங்கியதும் பலருக்குக் கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கினால் என்ன என்று தோன்றுகிறது. சில நூறு ரிங்கிட்டில் தொடங்கி இரண்டாயிரத்துக்கு மேலும் விலை போகும் பொருள் அது. ஆனால் வாங்குகிறவர்கள் விலையையும் பிராண்டையும் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்தக் காட்டுக்கு, எத்தனை நாளுக்கு என்று விற்பவரிடம் சொல்கிறவர்கள் மிகக் குறைவு.

அப்படிச் சொல்லும் ஒரு வாக்கியத்துக்குச் சட்டத்தில் பலம் உண்டு. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று பயனீட்டாளர் தெரிவித்து, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு ஏற்றதாக இருக்கும் என்ற உத்தரவாதம் தானாகவே சேர்ந்துவிடுகிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 32ஆவது பிரிவு. விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும் என்கிறது 34. விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று கடையில் எழுதி ஒட்டியிருந்தாலும் இந்த உத்தரவாதங்கள் அழிவதில்லை. ஆகவே, "லேடாங் மலைக் காட்டுக்குள் இரண்டு நாள், மழையில் பயன்படுத்த வேண்டும், பொருந்துமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. பின்னால் தகராறு வந்தால் ரசீதுக்கு அடுத்தபடியாக அதுதான் சாட்சி.

என்னென்ன கேட்பது? முதலில் சிக்னல். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை தரைக்கு வருவதற்குள் மிக மெலிந்துவிடுகிறது. மழையில் நனைந்த அடர்காட்டு இலைக்கூரை அதை இன்னும் உறிஞ்சும். பாறையிலும் பள்ளத்தாக்குச் சுவரிலும் பட்டுத் திரும்பும் அலை இடத்தைத் தவறாகக் காட்டும். ஜிபிஎஸ்ஸோடு மற்ற நாடுகளின் செயற்கைக்கோள்களையும் பிடிக்கிற, இரண்டு அலைவரிசைகளில் கேட்கிற கருவி இந்தச் சிக்கலை நன்றாகவே சமாளிக்கும். கார்மின் ஜிபிஎஸ்மேப் 65எஸ் அந்த வகை. ஆனால் அதன் பேட்டரி ஏறக்குறைய 16 மணி நேரம்தான் தாங்கும். அதே நிறுவனத்தின் எளிய இட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும். வழியில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கிற பேட்டரி என்பது காட்டில் பெரிய வசதி.

அதே இட்ரெக்ஸில் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 32எக்ஸில் மின்னணுத் திசைகாட்டி உண்டு, 22எக்ஸில் கிடையாது. அது இல்லாத கருவி நடந்துகொண்டிருக்கும்போதுதான் திசை காட்டும்; கிளைவழியில் நின்று எந்தப் பக்கம் என்று பார்த்தால் பயன்படாது. விலை வித்தியாசத்தின் காரணத்தைக் கடைக்காரர் விளக்காவிட்டால் வாங்குபவர் கேட்டே ஆக வேண்டும். "வாட்டர்புரூஃப்" என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் பொருள். "மலேசிய மேப் உள்ளது" என்பது பெரும்பாலும் சாலை வரைபடமாகவே இருக்கும். காட்டுப் பாதைகளுக்கு, தன்னார்வலர்கள் உருவாக்கிய மால்சிங்மேப்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

இவ்வளவும் பார்த்து வாங்கினாலும் சாதாரண ஜிபிஎஸ் கருவி அலைகளைப் பெறுவதோடு சரி, எதையும் அனுப்பாது. அதை வைத்திருப்பவர் எங்கே இருக்கிறார் என்று தீயணைப்பு மீட்புத் துறைக்குத் தானாகத் தெரியப்போவதில்லை. 999க்கு அழைத்து, தான் இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்களை அவர்தான் சொல்ல வேண்டும். விபரீதமான தவறு நடப்பது இங்கேதான். லேடாங் உச்சி வட அட்சரேகை 2.374 டிகிரியில் இருக்கிறது. அதை "2 டிகிரி 37.4 நிமிடம்" என்று படித்துவிட்டால், தேடுகிறவர்கள் 25 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே போய் நிற்பார்கள். கருவி எந்த வடிவத்தில் எண்களைக் காட்டுகிறது என்று வீட்டிலேயே பார்த்துப் பழக வேண்டும். பழைய நில அளவை வரைபடம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அவை கெர்தாவ் என்ற நில அளவை ஆதார முறையில் வரைந்தவை, ஜிபிஎஸ்ஸோ டபிள்யுஜிஎஸ்84 என்ற வேறொரு முறையை அடிப்படையாகக் கொண்டது. மாற்றாமல் ஒப்பிட்டால் இடம் நூறு மீட்டருக்கு மேல் விலகும். செங்குத்தான சரிவில் அது சாதாரண விலகலல்ல.

கருவி காட்டாத ஆபத்துகளும் உண்டு. 2001 டிசம்பர் இறுதியில் வாமெய் புயல் தென் ஜொகூரைத் தாக்கியது. பூலாய் மலையில் மண்ணும் பாறையும் மரங்களும் வெள்ளத்தோடு இறங்கி ஐந்து பேரின் உயிரைப் பறித்தன. அந்த வனப் பூங்கா பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. மழை நாளில் ஆற்றை ஒட்டிய பாதையைத் தவிர்க்கச் சொல்ல உள்ளூர் வழிகாட்டி வேண்டும். மேலும், பாதுகாக்கப்பட்ட வனத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி குற்றம். யாரோ பதிவுசெய்த தடத்தைக் கருவியில் இறக்கி வைத்திருப்பது அனுமதிச் சீட்டு ஆகாது.

சரி, வாங்கிய கருவி சொன்னபடி இல்லை, கடைக்காரரும் கைவிரிக்கிறார். அப்போது பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் ஐந்து ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, இரு தரப்பும் நேரில் பேசும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாத வியாபாரி குற்றவாளியாகிறார். ஒரு வரம்பு உண்டு: சொந்த உபயோகத்துக்கு வாங்கியவருக்கே இது, சுற்றுலாத் தொழிலுக்கு வாங்கியவருக்கு இல்லை. ரசீது, உரையாடல், விளம்பரப் படம், கோளாறின் காணொளி எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும். உள்ளூர் முகவர் வழியாக அன்றி இறக்குமதியாகி "ஏபி செட்" என்று மலிவாக விற்கப்படுபவற்றுக்கு உள்ளூர் முகவரின் உத்தரவாதம் இல்லாமல் போகலாம். ஆனால் விற்றவருக்குச் சட்டப்படி உள்ள பொறுப்பு அதனால் நீங்கிவிடாது.

தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போகும் தம்போய்க்காரர்கள் சிங்கப்பூரில் வாங்குவதும் உண்டு. அங்கே 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று காட்ட வேண்டியவர் விற்றவரே. சர்ச்சையைச் சிங்கப்பூரின் சிறு கோரிக்கை மன்றத்தில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இமயமலைக்கோ மேற்குத் தொடர்ச்சி மலைக்கோ ஏறப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார்மின் இன்ரீச் போல, செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் அவசர அழைப்பும் அனுப்பும் கருவிகளை முன் அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுசெல்லக் கூடாது. 2024 டிசம்பரில் கனடாவைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை ஒருவர் இன்ரீச் வைத்திருந்ததற்காகக் கோவா விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அனுமதி தர வேண்டியது இந்தியத் தொலைத்தொடர்புத் துறை. அது எழுத்தில் கைக்கு வராத வரை இந்த வகைக் கருவியை ஜொகூரிலேயே விட்டுச் செல்ல வேண்டும்.