அலாரம் அடித்தது பல்லி!

ராத்திரி ரெண்டேகால் மணி. ஹாலில் 'வீல்... வீல்...' என்று அலறல். கையில் கிடைத்த கிரிக்கெட் மட்டையோடு நான் முன்னால், துடைப்பத்தோடு என் மனைவி பின்னால். திருடனைக் காணோம். சுவர் மூலையில் மாட்டியிருந்த சென்ஸார் மேல் ஒரு பல்லி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

எதிர் வீட்டில் திருட்டுப் போன பயத்தில், இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து நான் வாங்கிய ஒயர்லெஸ் அலாரம் அது. ஒரே மாசத்தில் நாலு தடவை அலறியது. முதல் தடவை தெருவே ஓடி வந்தது. ரெண்டாவது தடவை பக்கத்து வீட்டு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் மட்டும் டார்ச்சோடு வந்தார். மூணாவது தடவை ஜன்னலைத் திறந்து, "பல்லியா சார்?" என்றார். நாலாவது தடவை ஜன்னலும் திறக்கவில்லை.

அஞ்சாவது தடவை அலறியபோது நாங்கள் திருச்சியில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். அது பல்லி இல்லை.

நகைகள் பாங்க் லாக்கரில் இருந்ததால் தப்பின. போனது வெள்ளிச் சாமான்கள். அதில் ஒன்று, அம்மா தினமும் ஏற்றிய குத்துவிளக்கு. அம்மா இப்போது இல்லை. புகாரில் 'எடை சுமார் 400 கிராம்' என்று எழுதிக் கொடுத்தேன். வேறென்ன எழுதுவது?

ஹெட்மாஸ்டர்தான் பாவம். "சத்தம் கேட்டுது சார்... புரண்டு படுத்துட்டேன்" என்றார், அழாத குறையாக. அவர் மேல் என்ன தப்பு? புலி வருது, புலி வருதுன்னு நாலு தடவை கத்தினது என் வீட்டு அலாரம்தானே!

அடுத்த அலாரம் வாங்குவதற்குள் இதைப் பற்றி நிறையப் படித்தேன். பெரும்பாலும் ஆபீஸ் நேரத்தில். (மேனேஜர் இந்தப் பக்கத்தைப் புரட்ட மாட்டார் என்று ஒரு தைரியம்.)

ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்ஸாருக்கு பி.ஐ.ஆர். என்று பெயர். அது ஆளைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. தன் எதிரில் வெப்பம் இடம் மாறினால் கத்தும். பல்லி சின்னதுதான். ஆனால் லென்ஸ் மேலேயே நடந்தால், சென்ஸார் கண்ணுக்கு அது யானை! அசல் திருடனிடம் இது கோட்டைவிடும் நேரமும் உண்டு. நம்ம ஊர் கத்திரி வெயிலில், மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறை உடம்புச் சூட்டுக்குக் கொதித்தால் ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாமல் தடுமாறும். அதனால் ஜன்னல் வெயில், ஏ.ஸி. காற்று படாத மூலையாகப் பார்த்து மாட்ட வேண்டும். நேராக வருகிறவனைவிட, குறுக்கே கடக்கிறவனை அது சுலபமாகப் பிடிக்கும்.

கதவுக்கு வைக்கும் காந்த சென்ஸார் இதைவிட யோக்கியன். கதவில் காந்தம், நிலையில் ஒரு குட்டி ஸ்விட்ச். ரெண்டும் பிரிந்தால் சேதி போகும். 1853-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் மின்சார அலாரத்துக்குக் காப்புரிமை வாங்கியதும் இந்தக் கதவு-ஜன்னல் யோசனைக்குத்தான். பல்லிக்குக் கதவைத் திறக்கத் தெரியாது, பாருங்கள்!

இவ்வளவையும் மண்டையில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"120 டெசிபல் சார். ஊரே எழுந்திரிச்சிடும்!"

"எழுந்து, திரும்பிப் படுத்துக்கிட்டா?"

விழித்தார்.

"சரி, சென்ஸார்ல பாட்டரி தீர்ந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"அலாரம் அடிக்காது சார். அப்பத் தெரிஞ்சிடும்."

அடுத்த கடைக்கு நடையைக் கட்டினேன்.

கிண்டல் இல்லை, அதுதான் முக்கியமான கேள்வி. மலிவு சரக்கில் சென்ஸார் ஒருதடவை ரேடியோவில் கத்திவிட்டுச் சும்மா இருந்துவிடும். தாய்ப்பெட்டி கேட்டதா, கேட்கவில்லையா? அதற்குக் கவலை இல்லை. நல்ல சரக்கில் இரண்டும் அடிக்கடி குசலம் விசாரித்துக்கொள்ளும். பாட்டரி இறங்கினாலோ, சென்ஸார் பேச்சை நிறுத்தினாலோ நமக்குத் தகவல் வந்துவிடும்.

தாய்ப்பெட்டிக்குள்ளும் பாட்டரி இருக்க வேண்டும். எங்கள் ஏரியாவில் திருடனுக்கும் கரண்ட் கட்டுக்கும் ஒரே ஷிஃப்ட்! வெறும் வைஃபையை நம்பினால், கரண்ட் போனதும் ரவுட்டர் படுத்துவிடும். சிம் போடும் வசதியும் இருந்தால் நல்லது. அதிலும் ஒரு சிக்கல்: 2ஜி-யில் மட்டும் ஓடும் பெட்டிக்கு ஜியோ சிம் உதவாது, அவர்களிடம் 2ஜி கிடையாது. சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தாலும் பெட்டி ஊமைதான்.

கடைசியில், கதவுகளுக்கு ரெண்டு காந்தம், ஹாலுக்குப் போகும் வழியில் ஒரு பி.ஐ.ஆர்., அவ்வளவுதான் வாங்கினேன். அலாரம் அடித்தால் எனக்கும், தாம்பரத்தில் இருக்கும் என் சகலைக்கும் போன் வரும். மூணாவது நம்பர் யாருடையது என்று மனைவி கேட்டாள்.

போன மாதம் ஊருக்குக் கிளம்பும் முன், போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, வீட்டுச் சாவியை ஹெட்மாஸ்டரிடம் கொடுக்கப் போனேன். தயங்கித் தயங்கித்தான் போனேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"போன் அடிச்சா வர்றேன் சார்" என்றார். "பல்லியா இருந்தாலும் வர்றேன்."