ஓகில்வி வீதிச் சபையில் ஒரு மாலை

வேலை முடிந்த கையோடு ஓகில்வி வீதி 405ஆம் இலக்கத்துக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்தோம். எங்கள் பகுதிச் சபை கூடுவது அங்கேதான்: ஒரு மேயர், நான்கு உறுப்பினர்கள். தெருப் பனி அள்ளுவது, பூங்கா, கட்டட அனுமதி இவர்கள் பொறுப்பு.

வாசலில் யாரும் அட்டை கேட்கவில்லை. ஊரில் விதானையார் வீட்டுப் படலையைத் திறக்கவே தயங்கிய நாங்கள்! பிரெஞ்சு பாதிதான் விளங்கியது. கிரேக்க மூதாட்டி ஒருவர் எழும்பித் தன் வீட்டு முன்பனியைப் பற்றிக் கேட்க, மேயரே பதில் சொன்னார்.

வாக்குப் போடத்தான் குடியுரிமை வேண்டும், உறவுகளே. கேள்வி கேட்க வேண்டாம். கூட்டத்துக்கு முன் பெயரைப் பதிந்தால் சரி. அன்று கட்டட அனுமதிகளும் பேசப்பட்டன. வாடகை வீடுகளில் இருக்கும் எங்கள் சனத்தில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

அடுத்த மாதமும் போகிறோம். பிரெஞ்சு படிக்கும் பிள்ளை ஒன்றையும் கூட்டிப் போவோம்.